யாருக்கும் சொல்ல வேண்டாம்

மெரிலேண்ட்ஸ், சிட்னி
9 பெப்ரவரி 2025

அன்பு அக்காவுக்கு,

நானும் பிரஷாந்தனும் மகள் மெலானியும் சுகம். உங்கள் முழங்கால் நோவு குறைந்ததா? அத்தான் சீனி வருத்தத்துக்கு மருந்தை ஒழுங்காக எடுக்கிறாரா? மகன் சுஜீதனுக்கு இது பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம் அல்லவா?

டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு வந்து நின்றபோது நீங்கள் சொன்னது சரிதான். ரெலிபோனில் கதைத்தால் நாங்கள் இருவரும் சண்டையில்தான் முடிக்கிறோம். மாதம் ஒரு கடிதம் என்று பேசிக்கொண்டோமே, முதல் கடிதம் என்னுடையது. பன்னிரண்டு வயதில் இங்கே வந்த பிறகு தமிழில் இத்தனை வரி எழுதியதில்லை. எனக்கு ஆனா ஆவன்னா பழக்கியவர் நீங்கள். பிழை இருந்தால் உங்கள் பிழை.

ஒரு சந்தோஷமான செய்தி. எங்கள் பள்ளிக்கூடத்தில் ஸ்கீ, ஸ்னோபோர்ட் என்று பனிச்சறுக்குக் கழகம் ஒன்று தொடங்கப்போகிறேன். கோயம்புத்தூரிலிருந்து மூன்று வருடத்துக்கு முன் வந்த ஹரிப்பிரியா என்ற பிள்ளை என் விஞ்ஞான வகுப்பில் இருக்கிறாள். கடைத்தெருக் கார் நிறுத்துமிடத்தில் ஸ்கேட்போர்ட் ஓட்டிப் பழகியவள். போன கிழமை வகுப்பு முடிந்ததும் வந்து, "மிஸ், கடற்கரைப் பக்கத்து ஸ்கூல்ல எல்லாம் ஸ்கீ டீம் இருக்கு. நாங்க மட்டும் ஏன் பனியை டிவில பார்க்கணும்?" என்று கேட்டாள்.

நான் முதல் வேலையில் பனிமலைக்குப் பக்கத்துக் கூமாவில் இரண்டு வருடம் படிப்பித்தபோது சறுக்கப் பழகினேன் அல்லவா? மலையிலிருந்து வேண்டுமென்றே விழுகிற மனிதரும் உண்டா என்று நீங்கள் அப்போது கேட்டீர்கள். அந்தப் பழக்கம் இப்போது பயன்படட்டும். பள்ளி அதிபருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கச்சி
டிலக்சி

டண்டினோங், மெல்பேர்ண்
2 மார்ச் 2025

என் அன்புத் தங்கச்சிக்கு,

மாதா உங்கள் மூவரையும் காக்கட்டும். என் முழங்கால் படி ஏறும்போது மட்டும் தன்னை நினைவூட்டுகிறது. அத்தான் மருந்தையும் எடுக்கிறார், ஒளித்து லட்டும் எடுக்கிறார். சுஜீதன் புத்தகமும் தானுமாக இருக்கிறான்.

உன் எழுத்தைக் கண்டு அழுதுவிட்டேன். "ற", "ர" இரண்டையும் இன்னும் மாற்றித்தான் போடுகிறாய்.

கழகம் நல்ல விஷயம்தான். ஏழைப் பிள்ளைகளுக்கு ஒன்றைக் காட்ட நினைக்கிறாய், ஆண்டவர் அதைப் பார்ப்பார். எனக்குப் பனியைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் அவ்வளவு தூரம் பிள்ளைகளை யார் கூட்டிப் போவது? பஸ்ஸை யார் ஓட்டுவது? அதற்கென்று ஒரு ஓட்டுநரை வைத்துக்கொள்ளலாமே.

மெலானியின் வகுப்புப் படம் அனுப்பு. நல்லாய்ச் சாப்பிடு, மெலிந்து போயிருந்தாய்.

அன்புடன் அக்கா
மாக்கிறேட்

மெரிலேண்ட்ஸ்
6 ஏப்ரல் 2025

அன்பு அக்காவுக்கு,

நாங்கள் சுகம். மெலானிக்குத் தடிமனும் தும்மலும் வந்து போனது. உங்கள் பார்சல் கிடைத்தது; பருத்தித்துறை வடை முழுவதையும் பிரஷாந்தன் தனியாளாக முடித்துவிட்டார்.

அதிபர் சம்மதித்துவிட்டார். எழுத்தில். அந்தக் கடிதத்தை நான்கு தரம் வாசித்தேன். முதல் வருடத்துக்குப் பத்துப் பிள்ளைகள். பதினேழு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள், ஏழு பேரை அடுத்த வருடம் என்று சொல்லித் திருப்பி அனுப்பியதுதான் கஷ்டமாக இருந்தது. பனி ஜக்கெற் கேட்டுப் பெற்றோருக்கு எழுதினோம். மூன்று பெரிய பைகள் நிறைய வந்தன. செவ்வாயும் வியாழனும் பள்ளி முடிந்ததும் வலைப்பந்துத் திடலில் அடியில் சக்கரம் பூட்டிய சில்லுச் சப்பாத்துப் போட்டுப் பயிற்சி. மலையே தெரியாத திடலில் முழங்காலை மடித்து, மடித்து, எல்லாரும் வாத்துகள் மாதிரி வளைந்து வருகிறோம். ஹரிப்பிரியா விழுந்தால் சிரிக்கிறாள். மற்றப் பிள்ளைகளுக்கும் விழுவதற்கு அவள்தான் பழக்குகிறாள்.

ஓகஸ்ட் முதல் சனி ஞாயிறு பனிமலை அடிவாரத்து ஜிண்டபைன் போகிறோம். பன்னிரண்டு இருக்கை வண்டிக்கு என் சாதாரண லைசன்ஸ் போதும், நானே ஓட்டுவேன். கணிதம் படிப்பிக்கும் பார்கவி கூட வருகிறார். உடற்பயிற்சிக்குப் புதிதாக வந்த ஜேமி என்ற ஆசிரியருக்கும் வர ஆசை. ஆனால் இருக்கை இல்லை.

இன்னொன்று. எழுதாமல் விடலாம் என்றுதான் நினைத்தேன். மார்ச் கடைசியில் ஆய்வுகூடத்துப் பின்னறையில் போத்தல் அடுக்கிக்கொண்டு நின்றேன். பிறகு எனக்குத் தெரிந்தது கன்னத்தில் தரையின் குளிர். மணிக்கூட்டைப் பார்த்தேன், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. போன சனிக்கிழமை ஹரிஸ் பார்க் கடைத்தெருவில் மெலானிக்கு ஜிலேபி வாங்க விறுவிறென்று நடந்தபோது கண் இருண்டு வந்தது. கடைச் சுவரைப் பிடித்தபடி அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். களைப்புத்தான். பிரஷாந்தனுக்குச் சொல்லவில்லை, சொன்னால் வண்டி ஓட்ட விடமாட்டார். உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன். யாருக்கும் சொல்ல வேண்டாம், அக்கா.

அன்புடன்
டிலக்சி

டண்டினோங்
10 ஏப்ரல் 2025

டிலக்சி,

உன் கடிதம் இன்று வந்தது, இன்றே எழுதுகிறேன். விழுவதற்கு முன் நெஞ்சு படபடத்ததா? முகம் வெளிறியதா, வியர்த்ததா? எத்தனை செக்கன்? எழும்பிய பிறகு ஆட்களை உடனே அடையாளம் தெரிந்ததா?

இதய டொக்டரிடம் போ. வழக்கமான டொக்டர் போதாது. அதுவரை காரைத் தொடாதே. பிள்ளைகளை ஏற்றுகிற வண்டியை மனதிலும் நினைக்காதே. ஏன் என்று என்னைக் கேட்காதே. மூத்தவள் சொல்கிறேன் என்று கேள்.

மாக்கிறேட்

மெரிலேண்ட்ஸ்
4 மே 2025

அன்பு அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். உங்களைப் பயப்படுத்திவிட்டேன் போல, மன்னியுங்கள்.

டொக்டரிடம் போனேன். இரத்தத்தில் இரும்பு குறைவாம், குளிசை தந்திருக்கிறார். குடும்பத்தில் யாருக்காவது இதய வருத்தம் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். அம்மா எழுபத்தொரு வயதில் நித்திரையில் போனார். அப்பா நான் இரண்டு வயதாக இருக்கும்போது நெருப்புக் காய்ச்சலில் போனார். வேறு யார் இருக்கிறார்கள்?

நீங்கள் கேட்ட கேள்விகள் அந்த டொக்டர் கேட்டதைவிடக் கூட. உங்களுக்கு ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள். காரணம் சொன்னால் நாளைக்கே இதய டொக்டரிடம் போகிறேன். சும்மா மூத்தவள் சொல்கிறேன் என்றால், அக்கா, எனக்கு முப்பத்தெட்டு வயது.

கழகத்துக்குச் சின்னம் வரைந்துவிட்டோம். அடுத்த கடிதத்தில் அனுப்புகிறேன்.

அன்புடன்
டிலக்சி

மெரிலேண்ட்ஸ்
8 ஜூன் 2025

அன்பு அக்காவுக்கு,

சுகம் விசாரிக்கிறேன். நான் எழுதி ஐந்து கிழமை ஆகிறது, உங்களிடமிருந்து ஒன்றும் இல்லை. கோபமா? கோபமென்றாலும் இப்போது எனக்கு உங்களை விட்டால் ஆளில்லை.

கழகத்தை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள்.

போன மாதக் கடைசியில் அதிபர் கூப்பிட்டார். அவர் முகத்தைப் பார்த்ததுமே கதிரையில் இருந்துவிட்டேன். என் உடல்நலம் பற்றிப் பள்ளிக்கு ஒரு தகவல் வந்திருக்கிறதாம். நான் இரண்டு தரம் மயங்கியது, எந்த இடத்தில், எந்த நாள், எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. யார் சொன்னது என்று கேட்டேன். சொல்ல முடியாதாம். இதய நிபுணரிடமிருந்து கடிதம் கொண்டுவரும்வரை வண்டியும் இல்லை, கழகமும் இல்லை. ஜிண்டபைன் பயணம் நடக்கும், ஜேமி ஓட்டுவார்.

ஆய்வுகூடத்தில் நான் விழுந்ததை ஜேமி கண்டிருக்க வேண்டும். அவர் அந்தப் பக்கத்தால் போகிறவர். வெள்ளிக்கிழமை ஆசிரியர் அறையில், எல்லோருக்கும் முன்னால், "இருக்கை வேண்டுமென்றால் கேட்டிருக்கலாமே" என்று அவரைக் கேட்டுவிட்டேன். அவர் சிவந்துபோய், தனக்கு ஒன்றும் தெரியாது என்றார். நான் நம்பவில்லை.

பிரஷாந்தனுக்கும் இப்போது தெரிந்துவிட்டது. "எனக்குச் சொல்லேல்லை, வேற ஆருக்கும் சொன்னனீரோ?" என்று கேட்டார். அக்காவுக்கு மட்டும் என்றேன்.

ஹரிப்பிரியா வந்து, "மிஸ், நாங்க ஏதாவது தப்பு பண்ணினோமா?" என்று கேட்டாள். இரண்டு வரியாவது எழுதுங்கள்.

டிலக்சி

டண்டினோங்
21 ஜூன் 2025

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் கண்டு மனம் மிகவும் வருந்தினேன். நாங்கள் சுகம். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. அத்தான் கம்பளித் தொப்பியோடுதான் பூசைக்கும் வருகிறார். எழுதத் தாமதித்ததற்கு என் முழங்கால்தான் காரணம்.

யார் அதைச் செய்திருந்தாலும் உன்மேல் கெட்ட எண்ணத்தில் செய்திருக்க மாட்டார்கள். அந்த ஜேமியின் மேல் பழி போடாதே, பாவம். அவராக இருக்காது என்று என் மனம் சொல்கிறது. நிபுணரிடம் நாள் எடுத்தாயா? அதை மட்டும் செய். கழகம் அடுத்த வருடமும் இருக்கும்.

மெலானிக்குப் பின்னிய மேலங்கி தனியாக வருகிறது. ஒவ்வொரு நாளும் செபமாலையில் உன் பெயரைச் சொல்கிறேன்.

அன்புடன்
மாக்கிறேட்

மெரிலேண்ட்ஸ்
13 ஜூலை 2025

மாக்கிறேட் அக்காவுக்கு,

விடுமுறை தொடங்குவதற்கு முதல்நாள் பார்கவி என்னை வலைப்பந்துத் திடலோரத்து மர வாங்குக்குக் கூட்டிப் போய் இருத்தினார். ஒரு மாதமாகத் தூங்க முடியவில்லை என்றார். அதிபர் தன்னிடம் ஒரு தமிழ்க் கடிதத்தின் பிரதியையும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பையும் தந்து, இரண்டும் ஒன்றுதானா என்று பார்க்கச் சொன்னாராம். வெளியே சொல்லக்கூடாது என்றும் சொன்னாராம்.

"ஆமா டிலக்சி, நான்தான் படிச்சேன். உங்க கையெழுத்துன்னு முதல் வரியிலயே தெரிஞ்சுது. நீங்க ஜேமியைத் திட்டினப்போ என்னால வாயைத் திறக்க முடியல."

ஏப்ரல் மாதம் நான் உங்களுக்கு எழுதிய கடிதத்தின் கடைசிப் பக்கம். "யாருக்கும் சொல்ல வேண்டாம், அக்கா" என்ற வரியையும் சேர்த்துப் பிரதி எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். சுஜீதன் அதையும் ஒழுங்காக மொழிபெயர்த்திருக்கிறான். அவன் பெயர் கீழே இருந்ததாம்.

அதோடு நிற்கவில்லை. கூட ஒரு கடிதம் வைத்தீர்களாமே. பார்கவி தயங்கித் தயங்கி, "உங்க அப்பா வண்டி ஓட்டிட்டு இருக்கும்போதே இதயம் நின்னு போயிட்டாராமே. நாப்பத்தொரு வயசாமே. கூட இருந்த நாலு பேரும்..." என்றார்.

"எங்கட அப்பா காய்ச்சலிலதான் செத்தவர்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியில்தான் எனக்கு விளங்கியது.

மே மாதம் காரணம் கேட்டு எழுதினேன். காரணம் சொன்னால் நாளைக்கே போகிறேன் என்று எழுதினேன். நீங்கள் அதை எனக்குச் சொல்லாமல், முகம் தெரியாத அதிபருக்குச் சொன்னீர்கள். என் அப்பா எப்படி இறந்தார் என்பது எனக்கு முன் அதிபருக்குத் தெரியும், பார்கவிக்குத் தெரியும், சுஜீதனுக்குத் தெரியும். பிறகு ஜேமியாக இருக்காது என்று உங்கள் மனம் சொன்னதாக எனக்கே எழுதினீர்கள்.

ஜேமியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். யார் செய்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது.

டிலக்சி

டண்டினோங்
2 ஓகஸ்ட் 2025

தங்கச்சி,

மூன்று கிழமையாக எழுதி எழுதிக் கிழித்தேன். உன் சுகத்தை விசாரிக்கிற தகுதி எனக்கு இல்லை. என்றாலும் விசாரிக்காமல் இருக்க முடியவில்லை.

எண்பத்தொன்பதாம் ஆண்டு. அப்பா வாடகை வான் ஓட்டினார், அது உனக்குத் தெரியும். மன்னாரிலிருந்து மடு மாதா கோவில் திருவிழாவுக்கு ஆட்களை ஏற்றிப் போனார். வழியில் அப்பாவின் கைகள் ஸ்டியரிங் வளையத்திலிருந்து நழுவின. வான் பாலத்துக்குக் கீழே போனது. அப்பாவும் நான்கு பேரும். நான் முன் இருக்கையில் அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். எனக்குக் கை மட்டும் முறிந்தது.

அம்மா நான்கு வீட்டு வாசலிலும் போய் நின்றார். இரண்டு வீட்டில் கதவு திறக்கவில்லை. அதற்குப் பிறகுதான் உன்னைத் தூக்கிக்கொண்டு யாழ்ப்பாணம் வந்தோம். "சின்னவள் இதைச் சுமக்கக் கூடாது" என்று அம்மா என் தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கினார். காய்ச்சல் கதை அம்மா செய்தது. காப்பாற்றியது நான்.

பத்துப் பிள்ளைகளோடு நீ வண்டி ஓட்டப் போகிறாய் என்று வாசித்ததும் எனக்கு அந்தப் பாலம்தான் தெரிந்தது. உனக்குச் சொல்ல வாய் வரவில்லை. சத்தியமும் நிற்க வேண்டும், வண்டியும் நிற்க வேண்டும் என்று அந்த வழியைப் பிடித்தேன். பிழை என்று தெரிந்தே செய்தேன்.

மாக்கிறேட்

மெரிலேண்ட்ஸ்
7 செப்டெம்பர் 2025

அக்காவுக்கு,

நிபுணரைப் பார்த்தேன். என் இதயத்தின் சுவர் ஓரிடத்தில் தடித்திருக்கிறது. தகப்பனிடமிருந்தோ தாயிடமிருந்தோ பிள்ளைக்கு வருவது. வந்தவர்களில் சிலருக்கு எந்த அறிகுறியும் இல்லாமல் ஒருநாள் நின்றுவிடுமாம். ஓகஸ்ட் இருபதாம் திகதி தோளுக்குக் கீழே ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். இதயம் நின்றால் அது மின்சாரம் அடித்து எழுப்பும். ஆறு மாதம் கார் ஓட்ட முடியாது.

பிள்ளைகள் நான் இல்லாமல் ஜிண்டபைன் போய் வந்துவிட்டார்கள். ஜேமி ஓட்டினார். பார்கவி படம் அனுப்பினார். பனியில் பத்துப் பேரும் வரிசையாக நிற்கிறார்கள். நான் முழங்கால் மடிக்கப் பழக்கியது அந்தப் படத்தில் தெரிகிறது. இரண்டு நாளாக அதைத் திறந்து திறந்து பார்த்தேன்.

நீங்கள் அந்த வழியைப் பிடிக்காவிட்டால் அந்தப் பத்துப் பேரும் எங்கே இருந்திருப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும். பிரஷாந்தன், "அக்கா செய்தது பிழை எண்டு சொல்ல எனக்கு வாய் வருகுதில்லை" என்கிறார்.

ஆனால் நிபுணர் ஒன்று கேட்டார்: கூடப்பிறந்தவர்கள் சோதித்துப் பார்த்தார்களா என்று. நான் உங்களைக் கேட்கிறேன். நீங்கள் சோதித்தீர்களா?

டிலக்சி

டண்டினோங்
15 செப்டெம்பர் 2025

தங்கச்சி,

சோதித்தேன். இரண்டாயிரத்துப் பதினான்கில். எனக்கு நாற்பது வயது, ஒருநாள் படியில் மூச்சு வாங்கியது. டொக்டரிடம் அப்பாவின் கதையைச் சொன்னேன். என்னைச் சோதித்தார்கள். அப்போது பத்து வயதாக இருந்த சுஜீதனையும் சோதித்தார்கள். எங்கள் இருவருக்கும் இல்லை. உங்கள் தங்கையையும் வரச் சொல்லுங்கள் என்று சொன்னார்கள். சொல்கிறேன் என்று வந்தேன். அத்தானும் சொல்லச் சொன்னார். ஒவ்வொரு நத்தாருக்கும் சொல்ல நினைத்தேன்.

சத்தியம் காரணமில்லை. அதையும் இன்றைக்கு எழுதிவிடுகிறேன். அந்தத் திருவிழாவுக்கு முந்திய கிழமை அப்பா இரண்டு தரம் விழுந்தார். நான் கண்டேன். இரண்டாம் முறை கிணற்றடியில். எழும்பி, முகத்தைக் கழுவிவிட்டு, "கொம்மாவுக்குச் சொல்லிப்போடாத பிள்ளை, வான் ஓட விடமாட்டா" என்றார். நான் சொல்லவில்லை. எனக்குப் பதினைந்து வயது.

உனக்கு அப்பாவைச் சொன்னால் இதையும் சொல்ல வேண்டும். அம்மாவுக்குக்கூட நான் இதைச் சொல்லவில்லை. அம்மாவின் கடைசி நாளில்கூட. அதற்குப் பயந்து உன் இதயத்தைப் பதினொரு வருடம் அப்படியே விட்டிருந்தேன்.

சொல்ல வேண்டாம் என்ற அதே சொல்லை நீயும் எழுதினாய். இந்த முறை நான் சொன்னேன். உன்னிடம் சொல்லவில்லை.

நத்தாருக்கு வரலாமா?

மாக்கிறேட்

மெரிலேண்ட்ஸ்
12 ஒக்டோபர் 2025

அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு கிழமை மேசையில் வைத்திருந்தேன்.

பதினைந்து வயதுப் பிள்ளையின்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளை நினைத்து அழுதேன். அவள் அப்பாவைக் கொல்லவில்லை, அந்த நான்கு பேரையும் கொல்லவில்லை. இதை யாராவது அவளுக்கு அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

என் கோபம் நாற்பது வயதுப் பெண்ணின்மேல். அவள் தன் இதயத்தைச் சோதித்தாள், தன் மகனின் இதயத்தைச் சோதித்தாள், பிறகு வந்து என் வீட்டில் கேக் வெட்டினாள். இரண்டாயிரத்துப் பதினாறில் மெலானியைப் பெற நான் இருபது மணித்தியாலம் பாடுபட்டபோது என் கட்டிலடியில் நின்று செபமாலை சொன்னாள். அப்போது அவளுக்குத் தெரியும். அந்த அறையில் நின்ற எந்தத் தாதிக்கும் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரியும். கழகத்தை எடுத்ததை நான் மறப்பேன், அக்கா. அதிபர் அடுத்த வருடம் என்னைத் திரும்பவும் பொறுப்பெடுக்கச் சொல்லியிருக்கிறார். பார்கவி ஓட்டுவார், நான் பின் இருக்கையில் போவேன், திருப்பி அனுப்பிய அந்த ஏழு பிள்ளைகளையும் சேர்க்க இரண்டாவது வண்டி கேட்டிருக்கிறேன். அது எல்லாம் சரியாகிவிடும். அந்தக் கட்டிலடியில் நின்றதை என்னால் கடக்க முடியவில்லை.

மெலானியைச் சோதித்தாயிற்று. இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை, வருடம் ஒருமுறை பார்க்க வேண்டும். ஏன் என்று கேட்டாள். ஒன்பது வயது. பிரஷாந்தன் பிறகு சொல்லலாம் என்றார். நான் அன்றைக்கே குசினி மேசையில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். தாத்தாவை, வானை, பாலத்தை, அவர் பக்கத்தில் இருந்த பிள்ளையை. அவள் நன்றாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டாள்: அந்த நான்கு பேருடைய பெயர் என்ன?

எனக்குத் தெரியாது. உங்கள் கடிதம் இரண்டையும் திரும்ப எடுத்துப் பார்த்தேன். நான்கு பேர், நான்கு வீடு என்றுதான் எழுதியிருக்கிறீர்கள்.

நத்தாரைப் பற்றி இப்போது கேட்காதீர்கள். அந்த நான்கு பேரின் பெயரையும் வயதையும் எழுதி மெலானிக்கு அனுப்புங்கள். வேறொன்றும் எழுத வேண்டாம்.

டிலக்சி